ஆளில்லாக் காணிக்கு ஆள் தேடுதல்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வருபவர் ஆனையிறவில் காண்பது தண்ணீரும் வெளியும்தான். ஒரு பக்கம் யாழ்ப்பாணக் கடல்நீரேரி, மறுபக்கம் சுண்டிக்குளம் கடல்நீரேரி. நடுவிலே வீதியும் தண்டவாளமும் ஓடும் ஒடுங்கிய நிலம். அதை ஒட்டி உப்பளம். இன்னும் சில நிமிடம் ஓடினால் உமையாள்புரம், பிறகு பரந்தன் சந்தி. இந்தச் சில மைல்களுக்குள் கைவிடப்பட்ட நிலத்தின் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒன்று எழுந்துவிட்டது. மற்றது இன்னும் எழவில்லை.

எழுந்தது உப்பளம். 1930களின் இறுதியில் தொடங்கிய இந்த உப்பளம் 1990இல் போரால் நின்றது. 1991இல் இங்கே பெருஞ்சமர். 2000 ஏப்ரலில் படைத்தளம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் மீண்டும் பிடித்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது, பாத்திகள் உடைந்து, வாய்க்கால்கள் தூர்ந்து, மண்ணுக்குள் வெடிபொருட்கள் கிடந்தன. இருந்தும் சில ஆண்டுகளில் மறுபடி வரம்பு கட்டி உப்பு வாரத் தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலையும் திறந்தாயிற்று.

எழாதது, வீதியோரத்திலும் உள்ளேயும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன வளவுகள். அரை ஏக்கர், கால் ஏக்கர். கிணற்றுக்கட்டு ஒன்று, சீமெந்துத் தரை ஒன்று, மிச்சமெல்லாம் பற்றை. உப்பளத்தைத் திருத்த ஆன செலவில் ஒரு துளியும் இதற்கு வேண்டியதில்லை. நாலு பேர் கத்தியோடு இறங்கினால் இரண்டு நாளில் துப்புரவாகிவிடும். ஆனாலும் கிடக்கிறது.

பெரியது எழும்பிச் சிறியது கிடப்பது ஏன்? நகரியலாளர்களும் பொருளியலாளர்களும் சட்டக்காரரும் அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த கருவிகளில் பேர்போனது காணி வங்கி. பணத்துக்குப் பதிலாக ஆளில்லாக் காணியை வாங்கி வைத்து, சிக்கல் நீக்கி, உரியவர் கையில் சேர்க்கும் பொது நிறுவனம். அது எப்படி வேலை செய்கிறது, ஆனையிறவுக்குத் தெற்கே விரியும் இந்த வன்னிக்கு வந்தால் எங்கே உடையும் என்பதைப் பார்ப்பதற்கு முதலில் மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

ஒரு வளவை மனிதர் விட்டுப் போனதும் வேலையைத் தொடங்குபவை செடிகள். முதல் மாரியோடு புல்லும் நெருஞ்சியும் எருக்கலையும் ஆமணக்கும். சில ஆண்டுகளில் ஆவாரை, ஈச்சை, நாயுண்ணி. நாயுண்ணிப் பழத்தைத் தின்னும் குருவிகள் விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருப்பதால் அது ஒருமுறை வந்தால் போகாது. அதன் நிழலில்தான் காட்டு மரங்களின் கன்றுகள் மெல்லத் தலைகாட்டும். பாலையும் வீரையும் மிக மெதுவாக வளர்பவை. பத்து, இருபது ஆண்டு அவற்றுக்கு ஒரு கணக்கே இல்லை. ஆகவே வன்னியில் இருபது ஆண்டு கைவிடப்பட்ட காணி என்பது காடும் அல்லாத, தோட்டமும் அல்லாத அடர்ந்த பற்றை.

ஆனால் அந்தப் பற்றைக்குள் போனால் மனிதர் இருந்த தடயம் அழியாமல் இருக்கும். வேலிக்கு நட்ட கதியால்களைப் பாருங்கள். கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் வெட்டி நட்டால் வேர்விடும் தடிகள். ஆண்டுதோறும் வெட்டிக் கட்டும்வரைதான் அவை வேலி. கைவிட்டால் மரமாகிவிடும். காட்டுக்குள் ஒரே இன மரங்கள் நேர்கோட்டில் நிற்கக் கண்டால், அது யாரோ ஒருவருடைய எல்லை. குருவி போட்ட விதை கோடு பிடித்து முளைக்காது.

தென்னை இன்னும் துல்லியமான சாட்சி. ஆனையிறவுக்கு வடக்கே பளை, பச்சிலைப்பள்ளி எங்கும் தென்னங்காணிகள். தென்னை ஆண்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ஓலை விடும். விழுந்த ஒவ்வோர் ஓலையும் மரத்தில் ஒரு தழும்பு வளையத்தை விட்டுப்போகும். வளையங்களை எண்ணிப் பன்னிரண்டால் வகுத்து, தண்டு தெரிவதற்கு முன்னான நாலைந்து ஆண்டைக் கூட்டினால் மரத்தின் வயது கிட்டத்தட்ட வரும். தென்னைக்கும் பனைக்கும் குருத்து ஒன்றுதான். அதைச் செல் அறுத்துவிட்டால் மரம் தப்பாது. போருக்குப் பிறகு இந்தப் பக்கம் தலையில்லா மரங்கள் வரிசை வரிசையாக நின்றதன் தாவரவியல் அவ்வளவே. இன்று அங்கே நிற்கும் இளந்தென்னைகளின் வளையங்களை எண்ணினால், அந்தக் குடும்பம் எந்த ஆண்டு திரும்பி வந்தது என்பதும் தெரிந்துவிடும். இது வெறும் வேடிக்கைக் கணக்கு அல்ல. பங்குபிரிப்பு வழக்குகளில் நில அளவையாளர் தரும் அறிக்கையில் கட்டடத்தோடு மரங்களும் அவற்றின் வயதும் யார் உரிமை கோருகிறார் என்பதும் எழுதப்படுகின்றன. எங்கள் நீதிமன்றங்கள் மரத்தையும் சாட்சிக்கூண்டில் ஏற்றுகின்றன.

உப்பளம் சுலபமாக மீண்டதற்கு ஒரு காரணம் இங்கே பிடிபடும். உப்புப் பாத்தியில் எதுவும் முளைக்காது. ஓரத்தில் உமரி வரலாம், அதற்குமேல் எதுவும் வராது. இருபது ஆண்டு கைவிட்டாலும் வெளி வெளியாகவே கிடக்கும். எவரும் அதைக் காடு என்று சொல்ல முடியாது.

செடிக்கு முன்னால் இன்னொரு தடை, மிதிவெடி. 2000க்கும் 2008க்கும் இடையில் முன்னரங்கு ஓடிய முகமாலைப் பகுதி, நாட்டிலேயே மோசமான வெடிவயல்களில் ஒன்று. அங்கே உலோகங்காட்டிக் கருவி பெரும்பாலும் உதவாது. ஒன்று, பல மிதிவெடிகள் பிளாஸ்ரிக்கால் ஆனவை, உள்ளே இரும்பு மிகக் கொஞ்சம். மற்றது, செல்துண்டும் சன்னமும் மண்ணெங்கும் கிடப்பதால் கருவி ஓயாமல் கத்தும். ஆகவே வெடியகற்றுபவர்கள் விறாண்டியை எடுத்தார்கள். முழங்காலில் இருந்து, முன்னால் உள்ள ஒரு மீற்றர் அகல மணலைப் பாரமான விறாண்டியால் பக்கவாட்டில் மெல்லக் கீறி, இளகிய மண்ணை இலேசான விறாண்டியால் பின்னுக்கு இழுத்து, குறித்த ஆழம்வரை படை படையாக உரிப்பது. மணல்மண் என்பதால்தான் இது இயலும். இந்த வேலையில் பெண்கள் மிகப் பலர், அவர்களிலும் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் ஏராளம். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் எல்லாம் அகற்றப்பட வேண்டும்.

சரி, செடியை வெட்டியாயிற்று, வெடியை எடுத்தாயிற்று என்று வையுங்கள். காணி மீண்டுவிட்டதா? அதுதான் இல்லை. மூன்றாவது பற்றை ஒன்று இருக்கிறது. அது கந்தோர் கோப்புக்குள் வளர்வது.

வன்னியில் பெரும்பாலான குடியிருப்புக் காணி அரச காணி. 1902க்கும் 1920க்கும் இடையில் இரணைமடுக் குளம் கட்டப்பட்ட பிறகு, காடு வெட்டிக் குடியேற்றங்கள் வந்தன. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட் கொடுத்தார்கள். காணிக் கச்சேரி கூட்டி, ஊருக்கு முன்னால் வைத்து, யாருக்குக் காணி இல்லை, யாருக்குப் பிள்ளைகள் அதிகம் என்று விசாரித்துக் கொடுக்கும் முறை. பேர்மிட்காரர் காணியை நினைத்தபடி விற்க முடியாது, துண்டாட முடியாது. ஒரு பின்னுரித்தாளரை நியமிக்கலாம். அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. பேர்மிட்காரர் இறந்தால், உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ ஆறு மாதத்துக்குள் காணியில் இறங்கி இருப்பாட்சி எடுக்காவிட்டால் அவருடைய உரிமை தவறிப்போகும். நியமித்த பின்னுரித்தாளருக்கும் அப்படியே. எழுதியவர்கள் அமைதிக்காலத்தை நினைத்து எழுதினார்கள்; காணி தரிசாகக் கிடக்கக்கூடாது என்பது அவர்கள் கவலை. கிளிநொச்சியில் 1990களிலும் 2000களிலும் அந்த விதியை வாசித்துப் பாருங்கள். புருசன் செத்தது ஓரிடம், பெண்சாதி இடம்பெயர்ந்து இருந்தது வேறிடம், காணி இருந்தது முன்னரங்குக்குப் பக்கத்தில். ஆறு மாதத்துக்குள் எப்படி இறங்குவது? காணாமற்போனவர் விடயத்தில் ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? எவரையும் நியமிக்காமல் இறந்தவரின் காணியில் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை தந்த அட்டவணை வேறு இருந்தது. அதைத் திருத்த 2022 வரை ஆனது.

இதற்குள் ஆள்மேல் ஆள் வந்தார்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டுத் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் பலரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. புலிகள் காலத்தில் அவர்கள் கொடுத்த காணியில் இருந்தவர்கள் உண்டு. உரியவர் வெளிநாட்டில் இருக்க, வெறுமையாகக் கிடந்த வளவில் வேறு இடம்பெயர்ந்தவர் குடிசை போட்டுக் கிணறு இறைத்துத் தென்னம்பிள்ளை வைத்ததும் உண்டு. எல்லாரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

உறுதிக் காணியின், அதாவது உறுதியோடு தனியாருக்குச் சொந்தமான காணியின், கதை வேறு. அங்கே துண்டாட்டத்துக்குத் தடை இல்லை, ஆகவே பங்காளிகள் பெருகுகிறார்கள். நாலு பிள்ளை உள்ள ஒருவரின் காணி, பேரப்பிள்ளைகள் காலத்தில் பதினாறு பேருடையது. இதில் அரைவாசிப் பேர் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும். காணியை விற்க, குத்தகைக்குக் கொடுக்க, எதற்கும் எல்லாருடைய ஒப்பமும் வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் ஒப்பமிடும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு என்று தாராளமாகவே கணக்கிடுவோம். நாலு பேர் என்றால் எல்லாரும் ஒப்பமிடும் வாய்ப்பு நூற்றுக்கு 66. பதினாறு பேர் என்றால் நூற்றுக்கு 19. இன்னொரு தலைமுறை கழிந்து அறுபத்துநாலு பேரானால் ஆயிரத்துக்கு ஒன்று. ஒருவரும் கெட்டவர் இல்லை, ஒருவரும் மறுக்கவும் இல்லை; ஒருவர் முகவரி மாறியிருந்தாலே போதும்.

மைக்கல் ஹெல்லர் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1998இல் இதற்கு ஒரு கோட்பாடு எழுதினார். சோவியத் ஒன்றியம் விழுந்த பிறகு மொஸ்கோ வீதிகளில் அவர் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். கடைக் கட்டடங்கள் வெறுமையாகக் கிடக்க, அவற்றின் வாசலில் தகரப்பெட்டிக் கடைகள் நிறைந்து வியாபாரம் நடந்தது. விசாரித்தால், ஒவ்வொரு கட்டடத்திலும் விற்கும் உரிமை ஒருவருக்கு, வாடகைக்கு விடும் உரிமை இன்னொருவருக்கு, வாடகையை வாங்கும் உரிமை மூன்றாமவருக்கு. தடுக்கும் உரிமை எல்லாருக்கும். பயன்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. பொதுமேய்ச்சல் நிலம் எல்லாரும் மேய்த்து அழிகிறது என்பது பழைய பாடம். ஆள் அதிகமாகி ஒருவரும் தொடமுடியாமல் நிலம் அழியும் என்பது ஹெல்லரின் பாடம். உப்பளத்துக்கு இந்த நோய் இல்லை. அதற்கு ஒரே சொந்தக்காரர், அரசு. காசு வந்தது, வேலை நடந்தது. பெரியது எழும்பிச் சிறியது கிடப்பதன் முழு இரகசியமும் இதற்குள் இருக்கிறது என்பேன்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பிறந்ததுதான் காணி வங்கி. அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரம் 1971இல் முதலாவதைத் தொடங்கியது. ஆனால் முறையைச் செம்மையாக்கியது மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ற் நகரம். ஜெனரல் மோட்டர்ஸ் பிறந்த ஊர். 1960இல் ஏறக்குறைய 197,000 பேர் இருந்தார்கள். 2020இல் 81,000 பேர்தான். தொழிற்சாலை போனது, ஆட்கள் போனார்கள், வீடுகள் நின்றன. ஆதனவரி கட்டாத வீட்டின் வரிப்பாக்கியைத் தனியார் முதலாளிகளுக்கு விற்கும் பழைய சட்டம் ஒன்று அங்கே இருந்தது. வாங்கியவர்கள் வீட்டைத் திருத்தவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். பல ஆண்டுகள் இழுபடும். 1999இல் மிச்சிகன் அதை ஒழித்தது. வரி கட்டாத ஆதனம் நீதிமன்றத் தீர்ப்போடு, எல்லா வில்லங்கமும் துடைக்கப்பட்டு, நேரே மாவட்டப் பொருளாளர் கைக்கு வரும். அப்போது ஃபிளின்ற் அடங்கிய ஜெனசீ மாவட்டத்தின் பொருளாளராக இருந்த டான் கில்டீ, வந்த வீடுகளை ஏலத்தில் அள்ளிவிடாமல் வைத்து நிர்வகிக்கும் அமைப்பைக் கட்டினார். 2004 அளவில் அது முறையான காணி வங்கியானது.

அது செய்யும் வேலையில் எனக்குப் பிடித்தது சின்ன வேலைதான். இடிந்த வீட்டை இடித்து அகற்றியபின் மிஞ்சும் வெறுந்துண்டை அடுத்த வீட்டுக்காரருக்கு மிகக் குறைந்த விலைக்குக் கொடுப்பது. அவர் அதில் புல் வெட்டுவார், தோட்டம் போடுவார், வரியும் கட்டுவார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதில் புதுமை அதிகம் இல்லை. காணி விற்பதானால் முதலில் பங்காளியைக் கேள் என்பது 1707 அளவில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவன்தான் பார்ப்பான் என்ற அனுபவம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

வெறுங்காணியைப் பார்த்துக்கொள்வதால் பலன் உண்டா என்பதை ஊகமாக விடாமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் சார்ள்ஸ் பிரானஸ் குழுவினர் 541 வெறுங்காணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பை அள்ளி, நிலத்தை மட்டப்படுத்தி, புல்லும் சில மரமும் நட்டு, எவரும் உள்ளே போய்வரக்கூடிய குட்டை மரவேலி போட்டு, மாதம் ஒருமுறை பராமரித்தார்கள். சிலவற்றில் குப்பை அள்ளியதோடு சரி. சிலவற்றைத் தொடவே இல்லை. மருந்தைச் சோதிப்பதுபோல நிலத்தைச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது: வறிய அயல்களில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், பசுமையாக்கிய காணிகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களிடம் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் பற்றை வளர்ந்தால் பாம்பு வரும், கள்ளன் வரும், மனம் ஒடியும் என்று எங்கள் பெண்கள் சொல்வதைக் குலுக்கல் சோதனை இலக்கத்தில் எழுதிக் காட்டியது, அவ்வளவுதான்.

காணி வங்கி என்ற இந்த இயந்திரத்தை அப்படியே ஆனையிறவில் கொண்டுவந்து இறக்கலாமா? கூடாது. அதன் முதற் பல்லுச்சக்கரமே இங்கே பொருந்தாது.

ஃபிளின்றில் ஒருவர் வீட்டைக் கைவிட்டார் என்பதற்குச் சாட்சி, அவர் வரி கட்டவில்லை என்பது. அறிவித்தல் அனுப்பி, காத்திருந்து, நீதிமன்றம் போய் எடுக்கிறார்கள். அதிலும் தவறு நடக்கிறது. வேறொரு மாநிலத்தில் வயோதிபர் ஒருவரின் பாக்கிக்காக முழு வீட்டையும் எடுத்து, விற்று, மிச்சப்பணத்தையும் மாவட்டமே வைத்துக்கொண்டது அரசியலமைப்புக்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் ஒருமனதாகத் தீர்த்தது. வன்னியில் நிலை அதனிலும் மோசம். இங்கே பலர் காணியை விட்டது விருப்பத்தால் அல்ல, செல்லடியால். சிலர் அயலிலேயே இருந்தும் உள்ளே போக முடியவில்லை. முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் மாதக்கணக்காக இராணுவ முகாம் வாசலில் இருந்தது தங்கள் சொந்தக் காணிக்குள் போகத்தான். ஆள் இல்லாததை வைத்து உரிமை இல்லை என்று இங்கே முடிவெடுத்தால், ஓடியவனைத் தண்டிப்பதாகிவிடும்.

அண்மைய உதாரணம் ஒன்று. 2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானி, 1931ஆம் ஆண்டுக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும், வராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. அதில் கிளிநொச்சிக் காணியும் முல்லைத்தீவுக் காணியும் இருந்தன. சட்டத்தின் பார்வையில் இது ஒழுங்கான நடைமுறை. ஆனால் உறுதியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு பத்து இடம் ஓடி, பதினோராவது இடத்தில் பையையும் தொலைத்தவருக்கு மூன்று மாதம் என்ன காணும்? மகன் கனடாவில், மூல உறுதி எரிந்துபோன கந்தோரில். எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போனது, அந்த ஆண்டே நடவடிக்கை நிறுத்தப்பட்டது. காணி வங்கி என்ற பெயரை நாளைக்கு ஓர் அமைச்சர் வன்னியில் உச்சரித்தால் சனம் முதலில் பயப்படும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

செய்மதியும் சில வேளை இந்தப் பயத்தைக் கூட்டுகிறது. இலைப்பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும். இலை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வேறுபாட்டை அளந்துதான் செய்மதிப் படத்தில் காடு எது, வெளி எது என்று பிரிக்கிறார்கள். மா, வேம்பு, தென்னை நின்ற வளவு இருபது ஆண்டில் பற்றை மூடியதும் கணினி அதைப் பச்சை என்று மட்டும் சொல்லும். யாருடைய பச்சை என்று சொல்லாது. தாங்கள் முன்பு பயிர்செய்த காணிக்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது என்று வன்னி மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிடுவதன் பின்னால் இந்தப் பார்வைக்கும் பங்குண்டு.

அதே செய்மதியைச் சாட்சியாகவும் திருப்பலாம். லான்ட்சற் செய்மதிகள் 1972 முதல் பூமியைப் படம்பிடிக்கின்றன. 1982க்குப் பிறகு வந்தவற்றில் ஒரு படப்புள்ளி முப்பது மீற்றருக்கு முப்பது மீற்றர், அதாவது 900 சதுர மீற்றர். கால் ஏக்கர் என்பது 1,012 சதுர மீற்றர். ஒரு குடும்பத்தின் குடியிருப்பு வளவு வானத்திலிருந்து ஏறக்குறைய ஒரே ஒரு புள்ளி! அதை வைத்து வேலிச் சண்டை தீர்க்க முடியாது. ஆனால் மூன்று ஏக்கர் வயல் பதின்மூன்று, பதினாலு புள்ளி. அது 1980களில் மாரியில் பச்சையாகவும் வெட்டுக்குப் பிறகு வெளியாகவும் மாறி மாறித் தெரிந்தால், அது காடு அல்ல, நெல்விளைந்த நிலம். பற்றையோ காடோ ஆண்டு முழுக்க அப்படி மாறாது. 2008 முதல் இந்தப் பழைய படங்கள் எல்லாருக்கும் இலவசம். கதியால் வரிசை, தென்னை வளையம், செய்மதிப் படம், அயலவரின் வாய்மொழி, நாலும் ஒன்றையொன்று ஒத்துவந்தால் தொலைந்த உறுதியின் இடத்தை ஓரளவு நிரப்பலாம்.

நாங்கள் பார்க்க வேண்டிய ஊர் ஃபிளின்ற் அல்ல, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியா. அங்கேயும் காணி துண்டு துண்டாகப் பிரிந்தது, சொந்தக்காரர்கள் ஆர்ஜென்ரீனாவுக்கும் கியூபாவுக்கும் கப்பலேறினார்கள், தோட்டங்களைப் பற்றை மூடியது, கோடையில் தீப்பிடித்தது. 2007இல் அவர்கள் சட்டம் போட்டு அமைத்த காணி வங்கி எவருடைய உரிமையையும் எடுக்கவில்லை. சொந்தக்காரர் காணியைப் பதிவு செய்கிறார். வங்கி அதைப் பயிர்செய்ய ஆள் தேடிக் குத்தகைக்குக் கொடுக்கிறது. குத்தகைப் பணத்துக்கும் தவணை முடிய காணி திரும்பி வருவதற்கும் வங்கி பொறுப்பு நிற்கிறது. யப்பானில் உள்ளூராட்சி சபைகள் வெற்று வீடுகளுக்குப் பட்டியல் வைத்திருப்பதும் இதே பாணி. 2023 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறக்குறைய 90 இலட்சம் வீடுகளில் ஆளில்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் காணியைக் குத்தகைக்கு விடப் பின்நிற்பதன் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே: இருந்தவன் எழும்பமாட்டான். 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி பத்து ஆண்டு தடையின்றி ஆண்டால் தனியார் காணி ஆண்டவருக்கே போகலாம். போர்க்காலத்து ஆண்டுகளை, 1983 மே முதல் 2009 மே வரை, அந்தப் பத்தில் எண்ணக்கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் 2009க்குப் பிறகு ஓடும் மணிக்கூட்டை அது நிறுத்தாது. பொது நிறுவனம் ஒன்றின் பதிவேட்டின் ஊடாக, எழுத்தில், தவணை குறித்துக் கொடுக்கும் குத்தகையில் இருப்பவர் பிறகு ஆட்சியுரிமை கோர முடியாது. சொந்தக்காரரின் அனுமதியோடு இருந்தார் என்பது கடதாசியில் இருக்கும். பயிர்செய்ய நிலமில்லாத குடும்பத்துக்குக் காணி கிடைக்கும், பற்றையும் வளராது.

இதற்கு வேண்டிய உறுப்புகளில் பல ஏற்கெனவே இருக்கின்றன. போருக்குப் பிந்திய அரச காணிப் பிணக்குகளைத் தீர்க்க 2013இல் வந்த காணி ஆணையாளர் நாயகத்தின் சுற்றறிக்கை, பேர்மிட் தொலைத்தவர், இரண்டாவதாக வந்து குடியிருப்பவர், காணியே இல்லாதவர் என்று வகை பிரித்து விசாரிக்கும் முறையைச் சொல்கிறது. காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட மத்தியஸ்த சபைகளும் இருக்கின்றன. காணிக் கச்சேரி இருக்கிறது, பிரதேச செயலகத்தில் காணிக் கிளை இருக்கிறது. இல்லாதது இவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, சொந்தக்காரரைத் தேடிப்போய்க் கேட்கும் வேலையைத் தன் முதல் வேலையாகக் கொண்ட கந்தோர். மூன்று மாத வர்த்தமானி போட்டு விட்டுக் காத்திருப்பதைத் தேடல் என்று சொல்ல முடியாது. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987இல் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து யோசித்தால், இந்தக் கந்தோர் எப்போது வரும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வரும்போது அது மாகாணத்துக்குள், மக்கள் போய்க் கேள்வி கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து நடத்தினால் எவரும் தங்கள் காணியைப் பதியமாட்டார்கள்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு, அது வாசிக்கிற உங்கள் கையில். வன்னியில் உங்கள் குடும்பத்துக்குப் பேர்மிட் காணி இருந்தால், அதில் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா, பதிந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உறுதிக் காணி என்றால் பங்காளிகளின் பெயரையும் இன்றைய முகவரியையும் ஒரு தாளில் எழுதி, பெரியவர்கள் இருக்கும்போதே எல்லைகளைக் கேட்டுக் குறித்து, மூலப் பிரதியைப் படமெடுத்து நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள். பதினாறு பேர் அறுபத்துநாலு பேராவதற்கு ஒரு தலைமுறைதான் வேண்டும்.